ஏழு பார் மௌனம்

ஏழு என்றுதான் போட்டிருந்தது. டீ தம்ளரை வைக்க இடம் தேடிக் குனிந்தபோது, ஸ்டாண்டில் இருந்த செல்லோவின் இசைத்தாளில் கண்ணில் பட்டது. தபித்தா நிமிராமல் இன்னொரு தடவை பார்த்தாள். ஏழுதான். நடுவில் குறுக்குக்கோடு போட்ட ஏழு. ஒன்று என்று யாரும் வாசித்துவிடக் கூடாதே என்று பிளஸ் டூவில் கணக்கு டீச்சர் பழக்கிவிட்டது, இந்த அறையில் இருக்கும் நாலு பேரில் அப்படி ஏழு போடுகிறவள் அவள் ஒருத்திதான். கறுப்பு மார்க்கரில், சிமென்ட் மூட்டையில் எழுதுகிற அளவுக்குப் பெரிதாக, பாக்கியமுத்து மாமாவின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவளே எழுதியது. ஏழு பார், அதாவது தாளில் ஏழு கட்டம், மாமாவின் செல்லோ சும்மா இருக்க வேண்டும், அதன் பிறகு மெட்டை எடுக்க வேண்டும். பாருக்கு நாலு எண்ணிக்கை, ஏழு பாருக்கு இருபத்தெட்டு. மாமா இருபத்தெட்டு எண்ணினார், வில்லைப் போட்டார். மற்ற மூன்று பேருடைய தாளிலும் அந்த இடத்தில் எட்டு பார் இருக்கிறது. ஆகவே மாமா ஒரு பார் முந்தி வந்தார். இரண்டு தடவை வாசித்தார்கள், இரண்டு தடவையும் முந்தி வந்தார். இரண்டு தடவையும் டாக்டர் எமிமா வயலினைத் தோளிலிருந்து இறக்கி, "அண்ணாச்சி, எண்ணுதியளா இல்லையா?" என்று கேட்டார். "எண்ணினேனே டாக்டரம்மா" என்றார் மாமா, முதல் தடவை சிரித்துக்கொண்டு, இரண்டாம் தடவை சிரிக்காமல். "சரி, டீ குடிப்போம்" என்றார் டாக்டர். இப்போது எல்லோரும் டீ குடிக்கிறார்கள். தபித்தா மட்டும் செல்லோ ஸ்டாண்டின் முன்னால் நிற்கிறாள்.

"ஏட்டி, நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்க? டீ ஆறுது பாரு" என்றார் டாக்டர். தபித்தா "ம்" என்றாள். வாயில் வந்தது அவ்வளவுதான். டாக்டரின் பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடம் இது, ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இவர்கள் நாலு பேரும் வாசிக்கிறார்கள். ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள், ஓரத்தில் ஒரு மீன்தொட்டி, சுவரில் ஈறு வெட்டிக் காட்டிய ஒரு பெரிய வாயின் படம், எந்நேரமும் கிராம்பு எண்ணெய் வாசனை. கிராம்பு வாசனை வந்தால் தபித்தாவுக்கு இப்போதெல்லாம் பல் ஞாபகம் வருவதில்லை, தான் வாசிக்கிற இரண்டாம் வயலினின் தடித்த கடைசித் தந்திதான் ஞாபகம் வருகிறது. பொது நூலகத்தில் அடுக்குகளுக்கு நடுவே ஒரு நாள் யாரோ கிராம்பு மென்றுகொண்டு போனார்கள், இவளுடைய இடது கை விரல்கள் தாமாக மடங்கின. இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறேன். நினைக்க வேண்டியது நேற்றுச் சாயங்காலம் டாக்டர் போனில் சொன்னதை. நாளைக்கும் அண்ணாச்சி சொதப்பினா நான் சொல்லிரப் போறேன் தபித்தா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அசனத்தன்னைக்கு சபை முன்னால நாம நாலு பேரும் சிரிப்பா சிரிக்கக் கூடாது பாரு, அக்கா மகன் ரோஷன் கீபோர்டு கொண்டாறேன்னு சொல்லிருக்கான், ஒரு பட்டனை அமுக்கினா செல்லோ சத்தம் அப்படியே வருது. இவள் அதற்கும் "ம்" என்றுதான் சொன்னாள். அடுத்த ஞாயிறு கோயிலில் அசனம், சபை முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள், சாப்பாடு முடிந்து சாயங்காலம் மண்டபத்தில் இருபது நிமிடம் இவர்களுக்கு. அந்த இருபது நிமிடத்துக்காக மாமா இரண்டு மாதமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து வாசிக்கிறார். டாக்டர் இன்னும் சொல்லவில்லை. டீ முடிந்ததும் சொல்லுவார். அவர் தம்ளரில் இன்னும் பாதி இருக்கிறது. ஊதி ஊதிக் குடிக்கிறார், அது நல்லது, ஊதட்டும்.

நான் எழுதினால் தப்பு இருக்காது. அப்படி டாக்டர்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். அசனத்தன்று கேட்க ஒரு பள்ளிக்கூடத்தின் மியூசிக் மாஸ்டர் வருகிறார், அவரிடமும் சொல்லியிருக்கிறார். எங்க தபித்தா பி.எஸ்ஸி. மேத்ஸ், அவ எழுதிக் குடுத்தா ஒரு புள்ளி பிசகாது சார், உங்க பிள்ளைகளுக்கும் இப்படி லேசா எழுதித் தருவா. லேசாக எழுதுவது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நாலு பேரும் சேர்ந்தபோது இன்டர்நெட்டிலிருந்து இசைத்தாள் இறக்கினார்களே, அதில் முதல் பக்கத்திலேயே 'எளியது, தொடக்க மாணவர்களுக்கு' என்று போட்டிருந்தது. யாருக்கு எளியது? யாரோ ஒரு ஊரில் பத்து விரலும் மடங்குகிற யாருக்கோ எளியது. மாமாவுக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்காது, மின்வாரியத்தில் வேலை பார்த்தபோது ஏணியோடு கையும் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கோகுலவாணி கர்நாடக சங்கீதம் படித்தவள், தரையில் சம்மணம் போட்டு வயலின் வாசித்த பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வயோலாவைக் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவளுக்குக் கோட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும் புள்ளிகளைவிட ச ரி க ம தான் புரியும். டாக்டருக்கு எல்லாம் வரும், பொறுமை மட்டும் வராது, மெதுவான இடத்தில் நாலாம் பாரிலேயே ஓட ஆரம்பித்துவிடுவார். எனக்கு, எனக்கு என்ன? என் சத்தம் யாருக்கும் தனியாகக் கேட்கக் கூடாது. அதனால் தபித்தா கைகளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். மாமாவின் பாகத்தில் சுண்டுவிரல் வேண்டிய சுரமே வராது. கோகுலவாணியின் பாகத்தில் புள்ளிகளுக்குக் கீழே தமிழில் சுரம் இருக்கும். டாக்டருக்கு மெதுவான இடத்தில் நடுநடுவே சின்னச் சின்ன வேலை, ஓட முடியாதபடி. தனக்கு எப்போதும் அடியில் கிடக்கிற மூன்று சுரங்கள், மற்றவர்களுடைய சத்தத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம். அப்படி எழுதிக்கொண்டே இருந்தபோது ஒரு நாள் தோன்றியது, இந்த லேசான பாகங்களில் செல்லோ எப்போதும் பந்தல்கால் மாதிரி நின்றுகொண்டேதான் இருக்கிறது, ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டு. கொச்சியிலிருந்து அந்த செல்லோவை வாங்கி வரும்போது மாமா பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து ஜன்னல் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்தாராம். கண்டக்டர், "இது யாரு சார், உங்க வீட்டம்மாவா?" என்று கேட்டானாம். அப்படிக் கொண்டுவந்ததில் பந்தல்கால் மட்டும் நட்டால் எப்படி. இந்தத் தாலாட்டு மெட்டில் எட்டு பார் அவருக்கு என்று வைத்தாள். மெட்டு முழுசாக அவருக்கு. அவருக்கு எதுக்குட்டி மெட்டு, என்று டாக்டர் கேட்டார். சும்மா, என்றாள்.

"அக்கா" என்று கோகுலவாணி பக்கத்தில் வந்து காதில் சொன்னாள், "டாக்டரம்மா முறைக்கத முறைப்பப் பாத்தா மாமாக்கு ஒரு கடவாய்ப்பல்லாவது போயிரும்னு நினைக்கேன்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், காரச்சேவு வாயிலிருந்து தெறித்தது. மூன்றாம் வருஷம் பி.காம். படிக்கிற பிள்ளை, எதற்கும் பயப்படாது, பஸ்ஸில் படிக்கட்டில் நிற்கிறவனைப் பார்த்து "தம்பி உள்ள போ" என்று சொல்லக்கூடியது. தபித்தா இறங்க வேண்டிய இடத்தில் "நிப்பாட்டுங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வருகிறவள். இந்தக் கோகுலவாணிக்காகத்தான் எல்லாம். இவளுக்காக என்று சொல்லக் கூடாது, பாவம், இவள் என்ன செய்தாள். புதன்கிழமை வயோலா பாகத்தை எழுதும்போது சுரம் எழுதச் சுரம் எழுத இடம் போதாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. பக்கத்தைத் திருப்ப ஒரு கை வேண்டும், அந்தப் பிள்ளைக்கு அந்த இடத்தில் இரண்டு கையிலும் வேலை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தச் சின்ன ஸ்டாண்டில் நிற்காது, ஃபேன் காற்றில் பறக்கும், போன மாதம் பறந்து மீன்தொட்டிக்குள் விழுந்தது. அதனால் தபித்தா ஒரு பார் சேர்த்தாள். ஏழு பாருக்குப் பிறகு எட்டாவதாக ஒன்று, டாக்டரும் இவளும் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்க, அதற்குள் கோகுலவாணி நிதானமாகத் திருப்பிக்கொள்ளலாம். மெட்டு கொஞ்சம் தொய்ந்தது. தாலாட்டில் முந்தின வரி முடிவதற்குள் அடுத்த வரி வந்துவிட வேண்டும், இடைவெளி விட்டால் பிள்ளை கண்ணைத் திறந்துவிடும், அதனால்தான் அந்த மெட்டே எட்டில் நிற்காமல் ஏழில் திரும்புகிறது, கடைசியாக மாமா எடுக்கிற தடவை மட்டும் எட்டு வரைக்கும் போய் நிற்கிறது. தொய்கிறது என்று தெரிந்துதான் சேர்த்தாள். டாக்டரின் பாகத்தில் திருத்தினாள், தன் பாகத்தில் திருத்தினாள், வெள்ளிக்கிழமை இரவு டாக்டருக்கும் கோகுலவாணிக்கும் அவரவர் பாகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். செல்லோ பாகம் மட்டும் கையில் இல்லை. அது முந்தின ஞாயிறே மாமாவிடம் போய்விட்டது. அவருக்குக் கண் மங்கல், பயிற்சிக்கு ஒரு வாரம் கூட வேண்டும் என்று முதலிலேயே எழுதி, ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் பெரிதாக்கி, ஓரத்தில் அட்டை ஒட்டிக் கொடுத்தது. எல்லோருக்கும் முந்திக் கொடுத்ததால்தான் அவர் ஏழோடு நின்றுவிட்டார். அக்கறையாகச் செய்தது. அக்கறையாகச் செய்ததுதான் இப்போது அவரை நாற்காலியிலிருந்து எழுப்பப் போகிறது.

மறந்துவிட்டேன். மறந்தது ஒரு குற்றமா. ஸ்டாண்டின் பள்ளத்தில் பென்சில் கிடந்தது. மாமாவுடைய பென்சில், பின்பக்கம் ரப்பர் வைத்தது. தபித்தா அதைப் பார்த்தாள். ஏழின் குறுக்குக்கோட்டை வளைத்தால் எட்டாகும். இல்லை, மார்க்கரில் எழுதியிருக்கிறது, பென்சிலால் ஆகாது. பக்கத்தில் பென்சிலால் எட்டு என்று எழுதினால் போதும், ஒரு வட்டத்தின் மேல் ஒரு வட்டம், யாரும் பார்க்கவில்லை, டாக்டர் வாசலில் ஷட்டருக்குக் கீழே குனிந்து யாரிடமோ, "இன்னைக்கு லீவு, நாளைக்குக் காலைல வாங்க, கல்லுப்பு போட்டுக் கொப்பளிங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுதிவிட்டு, டீ முடிவதற்குள் டாக்டரிடம் போய், அக்கா இன்னும் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன் என்று கெஞ்சிவிட்டால், மாமா வந்து உட்காருவார், எட்டைப் பார்ப்பார், முப்பத்திரண்டு எண்ணுவார், சரியாக வருவார். டாக்டர், பாத்தியளா அண்ணாச்சி கவனமா எண்ணினா வருதுல்லா, என்பார். எல்லாம் முடிந்தது. யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். பென்சில் விரலுக்குள் வந்துவிட்டது. எப்போது எடுத்தாள்? மரம் வழவழவென்று இருந்தது, முனையில் பல்தடம். மாமா கடிக்கிறார் போலிருக்கிறது. எட்டு. ஒரே ஒரு எட்டு.

"பிள்ள, நானே உன்ட்ட கேக்கணும்னு இருந்தேன்." பின்னால் மாமாவின் குரல். தபித்தா பென்சிலைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அவர் முகம் கழுவிவிட்டு வந்திருந்தார், காதோரம் தண்ணீர் நின்றது, துண்டால் துடைத்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் எண்ணுததுல எங்கயோ ஒண்ணு விட்டுப்போகுது. எங்கன்னுதான் பிடிபட மாட்டேங்குது. வீட்ல சரியா இருபத்தெட்டு எண்ணுதேன், விரல் விட்டு எண்ணுதேன். இங்க வந்தா எல்லாரும் பிந்தி இருக்கீங்க. அப்படின்னா நான்தான முந்துதேன்." அவர் சிரித்தார். "போன மாசம் மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டர்ல போயிட்டு நடந்து வீட்டுக்கு வந்துட்டேன், கேட்டியா. வந்து, காப்பி குடிச்சு, பேப்பர் படிச்சு, அப்புறந்தான் வண்டி ஞாபகமே வருது. அவ கேக்கா, வண்டி எங்கன்னு. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல சாவி. அப்புறம் வண்டி. கடைசில என்னப் பாத்து, தம்பி நீங்க எந்த ஊருன்னு கேட்டான். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டான். நான் பாளையங்கோட்டதான்ணேன்னேன்." அவர் இடது கையை விரித்துப் பார்த்தார், மடங்காத விரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. "அதுக்காகவே இத எடுத்தேன். மூளைக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார், பல்லு டாக்டர் இல்ல, அந்த டாக்டர். எண்ணுத வேல நல்லதாம்."

கைக்குள் பென்சில் வியர்த்தது. அப்படியென்றால் இந்த எட்டை எழுதினால் என்ன ஆகும். மாமா உட்காருவார், தாளைப் பார்ப்பார், எட்டு என்று இருக்கும். நேற்றுவரை ஏழு என்று பார்த்த இடத்தில் எட்டு. ஒரு வாரமாக ஏழு என்றே வாசித்தோமே, எட்டையா ஏழு என்று பார்த்தோம், என்பார். வெளியே சொல்ல மாட்டார். வாசித்து முடித்து, செல்லோவை உறையில் போட்டுக் கட்டி, வீட்டுக்குப் போய், மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து யோசிப்பார். சாவி, வண்டி, இப்போது ஏழு. அவரை நாற்காலியில் இருத்திவிட்டு அவர் தலைக்குள்ளிருந்து அவரையே எழுப்பி அனுப்புகிற வேலை இது. ரோஷனின் கீபோர்டே பரவாயில்லை. தபித்தா பென்சிலைப் பள்ளத்தில் வைத்தாள். இப்போதே சொல்லிவிடலாம், இவரிடம் மட்டும், மெதுவாக, மாமா தப்பு என்னுடையது, தாளில் நான்தான் மறந்துவிட்டேன் என்று. மறந்துவிட்டேன். மறந்தாயா? புதன்கிழமை எட்டாவது பாரைச் சேர்த்த நிமிடமே ஞாபகம் வந்ததே, மாமாவுக்குச் சொல்ல வேண்டும் என்று. போனை எடுத்து அவர் பெயர் வரைக்கும் போனாயே. போன் பண்ணினால் அத்தை எடுப்பார்கள், நல்லா இருக்கியா, கல்யாணம் எப்போ, என்பார்கள், பிறகு மாமாவிடம் பார் என்றும் ரெஸ்ட் என்றும் வாயால் விளக்க வேண்டும், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டும், அடுத்த அறையில் அப்பா இருக்கிறார். நாளைக்குச் சொல்லலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். வியாழக்கிழமை மாமாவே கூப்பிட்டார். மேசைமேல் போன் நடுங்கியது, பாக்கியமுத்து மாமா, பாக்கியமுத்து மாமா என்று வெளிச்சம் வந்து வந்து போனது, இவள் எல்லா அழைப்புக்கும் செய்வதுபோல அது தானாக அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெசேஜ் அனுப்பலாம் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் மறந்தது. "வியாழக்கிழமை ஏன் மாமா கூப்பிட்டீங்க?" என்று இப்போது கேட்டாள், தன் குரல் தனக்கே யாரோ மாதிரி இருந்தது. "அதுவா" என்றார் மாமா. "சும்மாதான். எனக்கு மெட்டு குடுத்திருக்கியே, ஒரு வார்த்த சொல்லணும்னு கூப்பிட்டேன்."

ஷட்டர் கிரீச்சிட்டது. டாக்டர் உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டு தம்ளரில் மிச்சமிருந்ததை நின்றபடியே குடித்தார். காலித் தம்ளரை மீன்தொட்டிமேல் வைத்தார். இப்போது சொல்லப் போகிறார். நோயாளியிடம் பல்லை எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் அவர் இப்படித்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வார், தபித்தா பார்த்திருக்கிறாள், அவளுடைய கடைவாய்ப்பல்லை எடுத்தபோதும் இப்படித்தான். இது பிணைத்த நாற்காலி, இழுத்தும் வரவில்லை. டாக்டர் அதை விட்டுவிட்டு மாமாவின் எதிரே நின்றார். "அண்ணாச்சி, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கிடாதீங்க." கல்லூரியில் வைவா, வாய்மொழித் தேர்வு, நடந்த நாள் ஞாபகம் வந்தது, பதில் தெரியும், முழுப் பதிலும் மூக்குக்குப் பின்னால் எழுதிவைத்த மாதிரி தெரியும், வாய் மட்டும் திறக்கவில்லை, வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தனக்கே சொல்லிக்கொண்டது. அன்றைக்கு நஷ்டம் அவளுக்கு மட்டும். மாடிப்படியில் சொன்னால் போதும் என்று விடலாம். இன்றைக்கு மாடிப்படி ஆகாது. இங்கே, இந்தக் கூடத்தில், இந்த வாய் படத்துக்குக் கீழே. எப்படி ஆரம்பிப்பது, அக்கா ஒரு நிமிஷம் என்றா, மன்னிச்சிருங்க என்றா, எது முதலில், ஏழு முதலிலா நான் முதலிலா. எதையாவது. ஆரம்பித்தால் வந்துவிடும், வில்லைத் தந்தியில் வைத்துவிட்டால் பிறகு இழுத்துத்தானே ஆக வேண்டும். "அசனத்துக்கு இந்தத் தடவ மட்டும்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார், "ரோஷன—"

"மாமா தப்பு விடல."

யாருக்கும் கேட்கவில்லை. ஃபேன் சத்தம். கோகுலவாணி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா தப்பே விடல" என்றாள் தபித்தா மறுபடியும். இந்தத் தடவை அவளுக்கே திக்கென்றது, அவ்வளவு சத்தம், ஷட்டருக்கு வெளியே போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரன்கூடக் குனிந்து பார்த்தான். "அவங்க தாள்ல ஏழுன்னு இருக்கு. நான்தான் எழுதினேன். பொறவு நம்ம மூணு பேர் தாள்லயும் எட்டாக்கினேன், அவங்ககிட்ட சொல்லல. மறக்கல, சொல்லணும்னு தெரியும். போன் பேசக் கூச்சப்பட்டுட்டுச் சொல்லல. மாமா வியாழக்கிழம கூப்பிட்டாங்க, அப்பவும் எடுக்கல." எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள், இல்லை. காது சுட்டது. டாக்டர் வந்து செல்லோ தாளைக் குனிந்து பார்த்தார், பிறகு தன் தாளை, விரலால் ஒவ்வொரு பாராகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "ஏட்டி" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது, கோபமா வெட்கமா என்று தெரியவில்லை, பாதிச் சொல்லில் நின்றுபோன ரோஷன் அவர் வாயில் இன்னும் இருந்தான். மாமா இடத்தைவிட்டு அசையவில்லை. "அப்ப நான் எண்ணினது" என்றார். "சரி மாமா." "இருபத்தெட்டும்?" "இருபத்தெட்டும் சரி மாமா." அவர் துண்டை எடுத்து, துடைத்த காதையே மறுபடியும் துடைத்தார்.

"சரி, விடு, ஆனது ஆச்சு" என்றார் டாக்டர். "அண்ணாச்சி தாள்ல எட்டுன்னு போட்ரு. ஒரு நிமிஷ வேல." பென்சிலை எடுத்து அவரே நீட்டினார். தபித்தா வாங்கினாள். எழுத வேண்டியதுதான், இப்போது எல்லோர் கண்ணெதிரிலும் எழுதலாம், தப்பில்லை. ஆனால் கை போகவில்லை. ஒரு வாரம், மொட்டைமாடியில், விரல்விட்டு. அவர் கணக்கு சரி என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அந்தக் கணக்கை மாற்று என்று சொல்வதா. அதுவும் தொய்கிற பாருக்காக. "இல்லக்கா" என்றாள். "மாமா தாள் அப்படியே இருக்கட்டும். நாம மூணு பேரும் ஒரு பார அடிச்சிருவோம்." "எதுக்குட்டி? மூணு பேர் மாத்துறதுக்கு ஒருத்தர் மாத்துனாப் போதாதா? இன்னும் ஏழே நாள்தான் இருக்கு." "ஏழுதான் மெட்டுக்கா. எட்டாவது பக்கம் திருப்புததுக்கு நான் சேத்தது. வாசிக்கும்போது உங்களுக்கே அந்த இடம் இழுவையா இருந்திருக்கும்." டாக்டர் யோசித்தார். "இருந்துச்சு" என்றார் கடைசியில், மனமில்லாமல். "ஓடணும்போல இருந்துச்சு." "அப்ப கோகுலவாணி எப்படித் திருப்புவா?" என்று மாமா கேட்டார், அவர்தான் கேட்டார். தாளைக் கீழே வெட்டி ஒட்டலாமா, நாலு சுரத்தை வயோலாவிலிருந்து எடுத்துத் தன் வயலினில் போட்டுக்கொள்ளலாமா, போட்டுக்கொண்டால் அந்த இடத்தில் இவள் வாசிப்பது தனியாகக் கேட்கும், கேட்டால் கேட்கட்டும் என்று தபித்தா வாயைத் திறக்கும்போது கோகுலவாணி நெளிந்தாள். "அக்கா, ஒண்ணு சொன்னாத் திட்டக் கூடாது." "சொல்லு." "நான் தாளப் பாத்து வாசிக்கவே இல்லக்கா. வெள்ளிக்கிழம ராத்திரியே பாடம் ஆயிட்டு. நீங்க இவ்ளோ பாடுபட்டுத் தமிழ்ல எழுதித் தந்திருக்கீங்களே, வருத்தப்படுவீங்கன்னு சும்மா திருப்பிக்கிட்டு இருந்தேன்." டாக்டர் முதலில் சிரித்தார். பெரிய சிரிப்பு, வாய் முழுக்கத் தெரிய, பல் டாக்டர் சிரிக்கிற சிரிப்பு. "எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லது செஞ்சே செத்தோம்" என்றார். மாமா சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே செல்லோவை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

தபித்தா மூன்று தாளிலும் எட்டாவது பாரை அடித்தாள். டாக்டரின் தாளில், கோகுலவாணியின் தாளில், தன் தாளில், ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. பென்சிலை அழுத்தித்தான் போட்டாள், ரப்பருக்கு அழியக் கூடாது என்று. பிறகு உட்கார்ந்து வயலினைத் தோளில் வைத்தாள். டாக்டர் வில்லால் எண்ணிக்கை கொடுத்தார். மெட்டு அவரிடம் ஆரம்பித்தது, ஓடாமல் வந்தது. ஒன்று. கோகுலவாணி தந்தியைச் சுண்டினாள், கண் எங்கேயோ கூரையில். இரண்டு. மூன்று. மாமாவின் உதடுகள் அசைவதைத் தபித்தா பார்த்தாள், அவரோடு சேர்ந்து தானும் எண்ணக் கூடாது என்று நினைத்தாள், அவர் எண்ணட்டும், நான் எண்ணினால் அது அவரைத் தாங்குவது, தாங்க வேண்டியதில்லை. நாலு. ஐந்து. எண்ணாமலும் இருக்க முடியவில்லை. ஆறு. மீன்தொட்டியின் மோட்டார், கிராம்பு. ஏழு. வில் தந்தியில் விழுந்தது. டாக்டரின் கடைசிச் சுரம் இன்னும் காற்றில் இருக்கும்போதே அதற்கு அடியிலிருந்து அந்தத் தடித்த குரல் எழுந்து வந்தது, கொஞ்சம் கரகரப்பாக, ஒரு சுரம் ஒரு நூல் கம்மியாக, ஆனால் வந்துவிட்டது, இருக்க வேண்டிய இடத்தில், பிள்ளை கண்ணைத் திறப்பதற்குள். மூன்று விரல்கள் மேலும் கீழும் நடந்தன, நாலாவது விரல் வேடிக்கை பார்த்தது. இது நான் எழுதியதா. எழுதும்போது தலைக்குள் கேட்டது வேறு, அது சுத்தமாக இருந்தது, இதில் மரமும் மூச்சும் நாற்காலி முனகுவதும் இருக்கிறது, இதுதான் நன்றாக இருக்கிறது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மூன்றாம் பார், நாலாம் பார், வில்லை முழுசாக இழுக்கிறார், இரண்டு மாதத்தில் ஒரு நாளும் இப்படி முழுசாக இழுத்ததில்லை. ஐந்து.

டாக்டர் வாசிப்பை நிறுத்தி வில்லைத் தூக்கினார். "இப்ப யாரு வரல?"

ஐந்தாம் பாரில் இரண்டாம் வயலின் உள்ளே வந்திருக்க வேண்டும்.

"நான்தான்" என்றாள் தபித்தா, கேள்வி முடிவதற்குள்ளேயே. கோகுலவாணியும் கையை எடுத்துவிட்டாள். மாமா நிறுத்தவில்லை. அவருக்கு இன்னும் மூன்று பார் இருந்தது.